எதுவும் மாறாது என்று படிக்க மறுத்த நெனிதா

நெனிதாவுக்குப் பக்கத்து நாற்காலியில் பதினோரு வருஷம் உட்கார்ந்தவள் நான். பிலிப்பைன்ஸில், இலோய்லோ நகரத்தில், ஹாரோ தேவாலயத்துக்குப் பின்புறம் ஒரு மாடியில், தலிசாய் என்ற சின்ன செல்போன் கம்பெனியின் அலுவலகம் இருந்தது. வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால் எடுத்துப் பேசுவதற்கு நாங்கள் ஆறு பேர். காலை எட்டு மணிக்கு ஹெட்போனை மாட்டினால் மாலை ஐந்துக்குத்தான் கழற்றுவோம்.

நெனிதாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. குள்ளமான, அகலமான உடம்பு. நடையில் எப்போதும் ஒரு அவசரம் இருக்கும், பேச்சில் இருக்காது. அவள் குரலைக் கேட்டதும் பாதிப்பேர், "உங்களை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே?" என்பார்கள். கேட்டிருப்பார்கள்தான். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவள் பன்னிரண்டு வருஷம் உள்ளூர் வானொலியில் சேதி வாசித்தவள். செல்போன் இல்லாத அந்தக் காலத்தில் மலையிலும் தீவிலும் இருந்தவர்களுக்கு வானொலிதான் தபால்காரன். இன்னார் குடும்பத்துக்கு, அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உடனே புறப்பட்டு வரவும் என்று ஒவ்வொரு சேதியையும் இரண்டு தடவை வாசிப்பாள்.

தலிசாய்க்கு எண்பதாயிரம் வாடிக்கையாளர்கள். எங்கள் முதலாளி ஆர்த்தெமியோ ரேடியோ ரிப்பேர் கடையில் தொடங்கி, முதல் டவரில் தானே ஏறிக் கம்பி கட்டியவர். எங்கள் வட்டாரம் முழுக்கப் பெயர் வாங்கியிருந்தது பரோலா என்ற பெரிய நெட்வொர்க். அதற்கு ஆறு லட்சம் பேர். எங்கள் டவர்கள் பட்டணத்தையும் நெடுஞ்சாலையையும் ஒட்டி நின்றன. அவர்களுடையவை மலை உச்சியிலும் தீவிலும் நின்றன. மணிலாவில் இருந்த பரோலா முதலாளிகள் எங்கள் பக்கத்து வியாபாரம் போதும் என்று விற்க முடிவு செய்தபோது, அதை வாங்கியது எங்கள் ஆர்த்தெமியோ. திங்கட்கிழமை காலை செய்தித்தாளில் வந்தது. எட்டு மணிக்கு நாங்கள் ஹெட்போனை மாட்டியபோது நூற்றெழுபது பேர் அழைப்பு வரிசையில் காத்திருந்தார்கள்.

"என் வீட்டுக்காரர் கப்பல்ல இருக்கார்மா. அவருக்கு இந்த ஒரு நம்பர்தான் மனப்பாடம். நீங்க பாட்டுக்கு மாத்திட்டா அவர் என்னை எங்கேன்னு போய்த் தேடுவார்?" என்று ஒரு பெண் அழுதாள்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்திக்கு நம்பர் குடுத்து வச்சிருக்கேன். இன்னும் கூப்பிடல. நம்பர் மாறினா கூப்பிடாமலே போயிடுவாளே!" என்றான் ஒருவன்.

ஒரு பங்குத்தந்தை என்னிடம் சொன்னதை அலுவலகமே ஒரு மாதம் சொல்லிச் சிரித்தது. "நெத்திலி போய் சூரையை முழுங்கியிருக்கு. அஜீரணம் வந்தா வயித்துவலி யாருக்கு, உங்களுக்கா எங்களுக்கா?"

முதலாளி அறையிலிருந்து ஆளுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். யார் என்ன கேட்டாலும் அதில் இருப்பதைப் படிக்க வேண்டும். உங்கள் நம்பர் மாறாது, உங்கள் பேலன்ஸ் போகாது, உங்கள் சிக்னல் குறையாது, சுருக்கமாகச் சொன்னால் எதுவும் மாறாது. இரண்டு நாள் நாங்கள் எல்லோரும் அதைத்தான் படித்தோம். நெனிதாவும் படித்தாள், ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிதானமாக.

புதன்கிழமை பன்தோல் தீவிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. பேசியவள் பாசிங். அந்தத் தீவின் அரசாங்க மருத்துவச்சி. குரலில் குழைவு கிடையாது.

"நான் சுத்தி வளைக்க மாட்டேன், இண்டாய். எங்க தீவுல பரோலா டவர் ஒண்ணுதான். பிரசவம் சிக்கலானா கரையில இருக்கற படகுக்கு நான் அதுலதான் தகவல் குடுக்கணும். அதை எடுத்துடுவீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லு."

இளையவளைச் செல்லமாகக் கூப்பிடுகிற அந்த வார்த்தையைக்கூட அவள் அதட்டலாகத்தான் சொன்னாள் என்று நெனிதா பிறகு என்னிடம் சொன்னாள்.

"எதுவும் மாறாது, மானாங்" என்றாள் நெனிதா. அக்கா என்ற மரியாதைச் சொல்லைத் தவிர மற்றதெல்லாம் தாளில் இருந்ததுதான்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அன்று மதியம் கீழே பச்சோய் நூடுல்ஸ் கடையில் எங்களோடு எர்வினும் சாப்பிட உட்கார்ந்தான். டவர்களைப் பார்த்துக்கொள்ளும் என்ஜினீயர். முப்பது வயதுகூட இருக்காது. நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்.

"அடுத்த மாசத்துல இருந்து முப்பத்தோரு டவரை அணைக்கறோம், மானாங். செம வேலை."

நெனிதா கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்த டவரை?"

"பரோலாவோடதை. ஒரே ஊருக்கு ரெண்டு டவர் எதுக்கு? நம்ம சிக்னல் போற இடத்துல அவங்களுது வேண்டாம்ல."

"பன்தோல் தீவு அதுல இருக்கா?"

அவன் யோசித்தான். "இருக்கு. கரையில இருக்கற நம்ம டவர்ல இருந்தே தீவு முழுக்கக் கிடைக்கும். கம்ப்யூட்டர் வரைபடத்துல பூராப் பச்சை."

"நீ அங்க போயிருக்கியா?"

"எதுக்குப் போகணும்? அதான் வரைபடம் இருக்கே."

நெனிதா அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. மாடிக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் பாசிங்கைக் கூப்பிட்டாள். "மானாங், காலையில நான் சொன்னது தப்பு. உங்க டவர் அணைக்கற பட்டியல்ல இருக்கு. வேற டவர்ல இருந்து கிடைக்கும்னு சொல்றாங்க. கிடைக்குமான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கிட்டு சொல்றேன்" என்றாள். மறுமுனையில் பாசிங் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நெனிதாவின் காது மட்டும் சிவந்திருந்தது.

"உனக்கு என்ன பைத்தியமா? இது தெரிஞ்சா வேலை போயிடும்" என்றேன்.

அப்போதுதான் அவள் ஒரு பழைய கதையைச் சொன்னாள். வானொலியில் சேர்ந்த முதல் வருஷம் ஒரு சாவுச் சேதியில் தப்பாக எழுதிக் கொடுத்த ஊர்ப் பெயரை அப்படியே வாசித்துவிட்டாள். ஒரே எழுத்துதான் வித்தியாசம். இறந்தவரின் மகன் மலையிலிருந்து ஒரு நாள் தாமதமாக வந்தான். அடக்கம் முடிந்துவிட்டிருந்தது. அவன் வானொலி நிலையத்துக்கு வந்து சண்டை போடவில்லை. வாசலில் நின்று, "வாசிச்சது நீங்கதானா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான்.

"எழுதிக் குடுத்தது வேற ஆள், ரோசெல். ஆனா அவன் காதுல விழுந்தது என் குரல்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் இருவரும் பன்தோலுக்குப் போனோம். காலை ஐந்தரை மணி பஸ், அப்புறம் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டிய மோட்டார் படகு. நெனிதாவின் கைப்பையில் இரண்டு போன்கள். ஒன்றில் தலிசாய் சிம், ஒன்றில் பரோலா சிம். படகு தீவை நெருங்கும்வரை இரண்டிலும் சிக்னல் கோடுகள் இருந்தன. கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு குன்று எழுந்து நின்றது. வீடுகள் எல்லாம் குன்றுக்கு அந்தப் பக்கம். படகு வளைந்து திரும்பியது, தலிசாய் போனில் கோடுகள் ஒவ்வொன்றாகப் போய் ஒன்றுமில்லாமல் ஆயின. நெனிதா அதைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் சட்டையில் இருந்த கம்பெனிப் பெயரைப் படித்துவிட்டார்.

"கம்பெனிக்காரிங்க வந்திருக்காங்க டோய்! என்ன, சிக்னலை அள்ளிட்டுப் போக மூட்டை கொண்டாந்திருக்கீங்களா?"

கரை முழுக்கச் சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நெனிதா நேராக அவர் முன்னால் போய் நின்று, அண்ணன் முறை வைத்துப் பேசினாள்.

"மூட்டை இல்ல, நோங். ரெண்டு போன் இருக்கு. உங்க வீட்டு வாசல்ல நின்னு பார்க்கட்டுமா?"

"பார்த்து?"

"எழுதிக்கறேன். நீங்க பக்கத்துல நின்னு நான் எழுதறது சரியான்னு பாருங்க. கையெழுத்தும் போடுங்க."

அவர் வலையை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். தீவில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். ஒரு வீடு விடாமல் போனோம். வாசலில் ஒரு தடவை, உள்ளே ஒரு தடவை. தலிசாய், ஒன்றுமில்லை. பரோலா, நாலு கோடு. பத்தாவது வீட்டுக்குப் போவதற்குள் எங்கள் பின்னால் ஒரு கூட்டமே வந்துகொண்டிருந்தது. தலிசாய் சிக்னல் கிடைத்த ஒரே இடம் குன்றின் உச்சி. அங்கே ஆடுகள் மேய்ந்தன.

"வலி எடுத்தவளை இங்க தூக்கிட்டு வந்து, ஆட்டுக்கு நடுவுல நின்னு நான் போன் பேசணுமாக்கும்" என்றாள் பாசிங். வெயிலில் எங்களோடு மேலே ஏறி வந்திருந்தாள். ஐம்பத்தைந்து வயது, ஒட்ட வெட்டிய தலைமுடி, ரப்பர் செருப்பு. போன வருஷம் தீவில் ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளைகள், ஒன்று குறுக்கே திரும்பிக் கிடந்தது. பாசிங் ஒரு கையால் தாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் படகுக்காரனுக்கு மெசேஜ் அடித்திருக்கிறாள். நாற்பது நிமிஷத்தில் படகு வந்தது. கீழே இறங்கியதும் அந்த இரண்டு பிள்ளைகளையும் எங்களுக்குக் காட்டினாள். ஒன்று நெனிதாவின் போனைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது.

கிளம்பும்போது நெனிதா தலிசாய் போனைப் பாசிங்கிடமே கொடுத்தாள். "இதை எப்பவும் சார்ஜ் போட்டு, ஆன் பண்ணியே வச்சிருங்க, மானாங். தேவைப்படும்."

திங்கட்கிழமை காலை அவள் தாள்களைத் தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். கதவு திறந்திருந்ததால் எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"உன்னை யார் அங்க போகச் சொன்னது?" என்றார் ஆர்த்தெமியோ.

"யாரும் சொல்லல, சார். லீவு நாள்ல போனேன்."

"அந்த டவர் ஜெனரேட்டர்ல ஓடுது. வாரம் ரெண்டு தடவை படகுல டீசல் ஏத்தி அனுப்பணும். காத்தடிச்சா படகு போகாது. உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாது, சார். எனக்குத் தெரிஞ்சது வேற. நீங்க குடுத்த தாள்ல சிக்னல் குறையாதுன்னு இருக்கு. அந்த ஊர்ல சிக்னலே இருக்காது. இருநூத்திப் பன்னெண்டு வீட்லயும் பார்த்துட்டேன்."

"நீ போன் எடுக்கறவ. டவர் எங்க இருக்கணும்னு முடிவு பண்றது உன் வேலை இல்ல."

"சரி சார். அப்ப அந்தத் தாளை இனிமே நான் படிக்க மாட்டேன். நம்பர் மாறாது, பேலன்ஸ் போகாது, இது ரெண்டும் நிஜம். அதைச் சொல்றேன். சிக்னலைப் பத்திக் கேட்டா ஊர் பேரைக் கேட்டு, விசாரிச்சு சொல்றேன்னு சொல்றேன்."

மாலைக்குள் அவளை போனிலிருந்து எடுத்துவிட்டார்கள். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு அறை, திரும்பி வந்த பழைய சிம் கார்டுகளை வகை பிரிக்கிற வேலை. யாரும் அவளோடு சேர்ந்து சாப்பிடப் போகவில்லை. நான் போனேன், ஆனால் முதல் மூன்று நாள் நானும் போகவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வாரக் கடைசியில் செய்தித்தாளின் உள்பக்கத்தில் ஒரு அரசாங்க அறிவிப்பு வந்தது. தலிசாய் பரோலாவை வாங்குவதற்கு இறுதி ஒப்புதல் தருமுன் பொது விசாரணை நடக்கும், குறை உள்ள வாடிக்கையாளர்கள் நேரில் வந்து பேசலாம். நெனிதா அதைக் கத்தரித்து என் முன்னால் வைத்தாள்.

"நீ வாடிக்கையாளர் இல்ல, கம்பெனி ஆளு" என்றேன்.

"எங்க ஊர் மலையில தலிசாய் கிடைக்காது, ரோசெல். எட்டு வருஷமா வீட்டுக்கு வச்சிருக்கறது பரோலா நம்பர்தான்."

அவள் கணவர் ரெனே தச்சு வேலை செய்கிறவர். வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று அவருக்கும் பயம்தான். "போனா போகட்டும்னு நான் சொல்ல மாட்டேன். போகாதேன்னு சொன்னா நீ கேட்கவும் மாட்டே. நான் என்னதான் சொல்றது?" என்றாராம். விசாரணை நாளன்று அவளுடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தது அவர்தான்.

முதலாளிக்குத் தெரியாமல் செய்வதில் நெனிதாவுக்கு விருப்பமில்லை. இரண்டு நாள் முன்னால் ஒரு கடிதம் எழுதி அவர் மேஜையில் வைத்தாள். புதன்கிழமை விசாரணையில் ஒரு பரோலா வாடிக்கையாளராகப் பேசப் போகிறேன், பன்தோல் தீவைப் பற்றி மட்டும் பேசுவேன் என்று நாலு வரி.

புதன்கிழமை கூடம் நிரம்பியிருந்தது. கப்பல்காரர்களின் மனைவிகள் இரண்டு வரிசை. விசாரணை நடத்திய அதிகாரி ஒரு பெண்மணி, கண்ணாடியை நெற்றிக்கு மேல் தூக்கி விட்டிருந்தார். ஆர்த்தெமியோ முதலில் பேசினார். ஒரு வாடிக்கையாளருக்குக்கூடக் குறை வராது என்றார். வரைபடத்தைச் சுவரில் காட்டினார்கள். எல்லாம் பச்சை. பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். பதினேழாவதாக நெனிதா எழுந்தாள். மைக்கைப் பிடித்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "வானொலியில வாசிக்குமே, அந்தக் குரல்" என்று யாரோ சொன்னார்கள்.

"என் பேர் நெனிதா. எட்டு வருஷமா பரோலா வாடிக்கையாளர். தலிசாய்ல வேலையும் பார்க்கறேன். இன்னிக்கு சாயங்காலம் வரைக்குமாவது பார்ப்பேன்னு நினைக்கறேன்."

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"மேடம், எனக்கு நீளமாப் பேசத் தெரியாது. பன்தோல் தீவுல மருத்துவச்சி கையில ஒரு தலிசாய் போனும் ஒரு பரோலா போனும் இருக்கு. எங்க முதலாளி இங்கயே இருக்கார். ரெண்டு நம்பருக்கும் அவரே கூப்பிட்டுப் பார்க்கட்டும். எல்லாரும் கேக்கற மாதிரி."

ஆர்த்தெமியோ நெனிதாவைப் பார்த்தார். எழுந்து வந்து போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்து, அவள் நீட்டிய தாளில் இருந்த தலிசாய் நம்பரை முதலில் அழுத்தினார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று பதிவு செய்த குரல் சொன்னது. மறுபடியும் அழுத்தினார். அதே குரல்தான்.

"அணைச்சு வச்சிருப்பாங்க" என்றார்.

"இன்னொரு நம்பர், சார்" என்றாள் நெனிதா.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். பின்னால் குழந்தைகள் வீறிட்டு அழுகிற சத்தம்.

"யாரு? சீக்கிரம் சொல்லுங்க! இன்னிக்குத் தடுப்பூசி நாள், கையில ஊசி இருக்கு!"

கூடமே வெடித்துச் சிரித்தது. அதிகாரி தானே மைக்கை வாங்கிக்கொண்டார். "உங்ககிட்ட இருக்கற தலிசாய் போன் ஆன்ல இருக்காம்மா?"

"இதோ மேஜை மேல இருக்கு. விளக்கு எரியுது, உயிர்தான் இல்ல. வந்த நாள்ல இருந்து ஒரு சத்தம் போடல. வச்சுடட்டுமா? பிள்ளைங்க தப்பிச்சு ஓடுதுங்க."

அதிகாரி கம்பெனி ஆட்களோடு உட்கார்ந்திருந்த எர்வினை எழுந்து நிற்கச் சொல்லி, அந்த வரைபடம் எப்படி வரையப்பட்டது என்று கேட்டார். அவன் முதலாளியையும் நெனிதாவையும் மாறி மாறிப் பார்த்தான். "குன்று இருக்கறதைக் கணக்குல எடுக்கல, மேடம். அந்தத் தீவுக்கு நான் போனதே இல்ல" என்றான்.

"மத்த முப்பது இடத்துக்கு?"

"அங்கயும் போகல."

பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. வாங்கலாம். ஆனால் நேரில் நடந்து பார்த்து, சிக்னல் வருகிறது என்று ஊர்க்காரர்களே கையெழுத்துப் போட்ட பிறகுதான் எந்த டவரையும் அணைக்க வேண்டும்.

நெனிதாவின் வேலை போகவில்லை. ஆர்த்தெமியோ அவளை அழைத்தபோது நான் சிம் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் அவள் முகத்தைப் பார்க்காமலேயே பேசினார்.

"இந்த வாயை வச்சுக்கிட்டு நீ ஆபீஸ்ல இருக்கறதைவிட, அந்தக் காலை வச்சுக்கிட்டு வெளிய போ. முப்பத்தோரு ஊரையும் நீயும் எர்வினும் நடந்து பாருங்க."

"எழுதறதை அப்படியே எழுதுவேன், சார்."

"தெரியும். அதனாலதான் சொல்றேன்."

ஏழு மாதம் நடந்தார்கள். இருபது ஊர்களில் வரைபடம் சரியாக இருந்தது, அந்த டவர்களை அணைத்தார்கள். பதினோரு ஊர்களில் தப்பு. பன்தோல் டவர் இன்றைக்கும் நிற்கிறது. எங்கள் தாளும் மாறியது. எதுவும் மாறாது என்ற வரியை அடித்துவிட்டு, ஊர்ப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு மறுநாள் திருப்பிக் கூப்பிடவும் என்று போட்டார்கள்.

ஆனால் அந்தப் பதினொன்றில் லுனோய் என்ற மலை ஊரின் டவரை உத்தரவு வருவதற்கு முன்பே கழற்றி, சாமான்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். அங்கே நெனிதா போனபோது ஊர்ப் பெண் ஒருத்தி முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். நெனிதா மாதாமாதம் போனாள். திரும்பி வந்து மாதாமாதம் முதலாளி மேஜையில் ஒரு தாள் வைத்தாள், ஊர்ப் பெயரும் எத்தனை நாளாகச் சிக்னல் இல்லை என்ற எண்ணும் மட்டும் எழுதி. முப்பது, அறுபது, தொண்ணூறு. இருநூற்றுப் பத்து என்ற தாளை வைத்த வாரத்தில், டவர் சாமான்களை ஏற்றிக்கொண்டு லுனோய்க்கு லாரி கிளம்பியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதினோரு மணி இருக்கும். என் ஹெட்போனில் ஒரு அழைப்பு. காற்று இரைச்சலும் சேவல் கூவுகிற சத்தமும்.

"ரோசெல், நான் லுனோய் சந்தையில நிக்கறேன். கேக்குதா?"

"கேக்குது, மானாங்!"

"நல்லாக் கேக்குதா, இல்ல எனக்காகச் சொல்றியா?"

"நல்லாவே கேக்குது."

"சரி, வை. பள்ளிக்கூடத்துப் பக்கம் இன்னும் பார்க்கல. அங்க போயிட்டுக் கூப்பிடறேன்."